மில் தொழிலாளி பட அதிபர் ஆனார்!
அண்ணன் பணம் போட்டார், தம்பி டைரக்ட் செய்தார், எம்.ஜி.ஆருக்கு 16 படம்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் ஷாப்பில் வேலை முடிந்து, குளித்துவிட்டு இரண்டாவது ஆட்டத்துக்கு ஓடிய பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். தேவர் படம் என்றதும் முகம் மலரும்.

அந்தத் தேவரும் ஒரு தொழிலாளிதான். சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர் 1915 இல் கோவை ராமநாதபுரத்தில் பிறந்தார். பங்கஜா மில்லில் கூலி வேலை பார்த்தார். பால் வியாபாரமும் செய்து பார்த்தார். எது செய்தாலும் உடற்பயிற்சியை விடவில்லை. அதனால்தான் பெயருக்கு முன்னால் 'சாண்டோ' ஒட்டிக்கொண்டது.

எம்.ஜி.ஆரின் பிடிவாதம்

எம்.ஜி.ஆர். முதன்முதல் கதாநாயகனாக நடித்த படம் 'ராஜகுமாரி' (1947). அதில் தன்னோடு மோதும் வேஷத்தைத் தேவருக்கே தர வேண்டும் என்று எம்.ஜி.ஆர். பிடிவாதம் பிடித்தார். சிநேகம் வளர்ந்தது.

1956 இல் தேவர் சொந்தக் கம்பெனி தொடங்கினார். முதல் படம் 'தாய்க்குப்பின் தாரம்'. ஹீரோ எம்.ஜி.ஆர். டைரக்டர் வேறு யாருமில்லை, எடிட்டிங் தெரிந்த தம்பி எம்.ஏ. திருமுகம்! எம்.ஜி.ஆர். காளையோடு மோதிய காட்சிக்குக் கூட்டம் அலைமோதியது.

ஆனால் படத்தோடு சிநேகமும் முறிந்தது. ஐந்து வருஷம் சேர்ந்து படமே இல்லை.

தேவர் சும்மா உட்காரவில்லை. ரஞ்சனை வைத்து 'நீலமலைத் திருடன்', ஜெமினி கணேசனை வைத்து 'வாழவைத்த தெய்வம்' என்று எடுத்துத் தள்ளினார்.

மறுபடி கூட்டு

1961 இல் மனஸ்தாபம் தீர்ந்தது. 'தாய் சொல்லைத் தட்டாதே' வந்தது. அவ்வளவுதான், அப்புறம் நிற்கவே இல்லை. 1968 வரை, எட்டே வருஷத்தில் 14 படம்!

முதல் ஐந்து படத்துக்கு ஜோடி சரோஜாதேவி. 'கன்னித்தாய்' (1965) முதல் ஜெயலலிதா. நடுவில் சாவித்திரி, கே.ஆர். விஜயா. அசோகன் இல்லாத தேவர் படம் அபூர்வம். பாட்டுக்கு கே.வி. மகாதேவன். ஒரு குடும்பம் மாதிரி அதே ஆட்கள்.

பூஜை போடும்போதே ரிலீஸ் தேதியைச் சொல்லிவிடுவார் தேவர். பேசிய சம்பளத்தைப் பாக்கி வைக்க மாட்டார். 1964 பொங்கலுக்கு சிவாஜியின் 'கர்ணன்' பிரமாண்டமாக வந்தது. அதே நாளில் 'வேட்டைக்காரன்' படத்தை இறக்கி ஜெயித்துக் காட்டினார்.

சறுக்கலும் உண்டு. 1967 இல் 'தெய்வச்செயல்' என்ற யானைப் படம் ஓடவில்லை. தேவர் அசரவில்லை. அதே யானைக் கதையை மாற்றி, ராஜேஷ் கன்னாவை வைத்து 1971 இல் 'ஹாத்தி மேரே சாத்தி' என்று இந்தியில் எடுத்தார். டைரக்டர் தம்பிதான். வடநாடே திரண்டு வந்து பார்த்தது! அதையே தமிழில் 'நல்ல நேரம்' (1972) ஆக்கினார்கள். எம்.ஜி.ஆரோடு அது 16 ஆவது படம், கடைசிப் படமும் அதுதான்.

வாயைத் திறந்தால் முருகா என்பார். மருதமலைத் திருப்பணிக்கு வாரிக் கொடுத்தார். 1978 செப்டம்பர் 8 இல், 63 வயதில் காலமானார்.

ஹீரோ பிரிந்தார், திரும்பி வந்தார். ஹீரோயின்கள் மாறினார்கள். ஆனால் எம்.ஜி.ஆரின் 16 படத்துக்கும் டைரக்டர் நாற்காலியில் தம்பி ஒருவரே. படம் ஓடாவிட்டால் அண்ணன் சொத்து போயிருக்கும். ஆனாலும் அந்த நாற்காலியை அவர் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை!