கையில் மாவுக்கட்டு... எதிரே 700 பேர்! முதல் பரம் வீர் சக்ரா பெற்ற மேஜர் சோம்நாத் சர்மா யார்?

1947 அக்டோபர் கடைசி. காஷ்மீருக்குள் ஊடுருவல்காரர்கள் புகுந்துவிட்டார்கள். 4-வது குமாவோன் பட்டாலியன் ஸ்ரீநகருக்கு விமானத்தில் கிளம்புகிறது. அதன் ‘டி’ கம்பெனி கமாண்டருக்கு இடது கையில் மாவுக்கட்டு. ஹாக்கி விளையாடியபோது எலும்பு முறிந்திருந்தது. ரெஸ்ட் எடுங்கள் என்று சொல்லியும் மனுஷன் கேட்கவே இல்லை, தன் ஆட்களோடு நானும் போவேன் என்று அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சோம்நாத் சர்மா பிறந்தது 1923 ஜனவரி 31, இன்றைய ஹிமாச்சலின் காங்க்ரா பகுதியில். அப்பா ராணுவ டாக்டர். 1942-ல் 19-வது ஹைதராபாத் ரெஜிமென்ட்டில் அதிகாரியாகச் சேர்ந்தார். இந்த ரெஜிமென்ட்தான் 1945-ல் குமாவோன் என்று பெயர் மாறியது. இரண்டாம் உலகப் போரில் பர்மாவின் அரகான் பகுதியில் ஜப்பானியர்களுக்கு எதிராகச் சண்டையிட்டார். அப்போது அவருக்கு மேலதிகாரி, பின்னாளில் ராணுவத் தளபதியான திம்மையா.

பட்காமில் என்ன நடந்தது?

நவம்பர் 3. ஸ்ரீநகர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பட்காம் கிராமத்துக்கு ரோந்து போனார்கள். மதியம் வரை பெருசா எதுவும் இல்லை. மற்ற கம்பெனிகள் திரும்ப ஆரம்பித்த நேரம், சுமார் 700 பேர் மூன்று பக்கமும் சூழ்ந்து தாக்கினார்கள். நம் ஆட்களைவிட ஏழு மடங்கு!

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். படைகளை வேகமாக இறக்க அப்போது இருந்த வழி அந்த விமான நிலையம் மட்டும்தான். அது போனால் ஸ்ரீநகரே போன மாதிரி. அதனால் பின்வாங்கும் பேச்சே இல்லை.

குண்டு மழைக்கு நடுவே செக்‌ஷன் செக்‌ஷனாக ஓடினார் சர்மா. நம் விமானங்களுக்கு இலக்கு தெரியத் தரையில் துணி அடையாளங்களை விரித்தார். ஆட்கள் குறையக் குறைய, ஒரு கை கட்டில் இருந்தபடியே, லைட் மெஷின் கன்களுக்குத் தோட்டா நிரப்பிக் கொடுத்தார். பக்கத்தில் இருந்த வெடிபொருள் மேல் மோர்ட்டார் குண்டு விழுந்தது. அவ்வளவுதான். வயது 24.

அதன்பிறகும் கம்பெனி சண்டையை விடவில்லை. சுமார் ஆறு மணி நேரம் தாமதமானது. அந்த அவகாசத்தில் கூடுதல் படைகள் வந்து சேர, விமான நிலையம் தப்பியது.

1950-ல் பரம் வீர் சக்ரா உருவாக்கப்பட்டபோது, முதல் பதக்கம் இவருக்கு. இதில் ஒரு ஆச்சரியம்: பதக்கத்தை வடிவமைத்த சாவித்ரி கனோல்கரின் மகள், சர்மாவின் தம்பியைத் திருமணம் செய்தவர். இன்னொரு தம்பி வி.என்.சர்மா, 1988-ல் ராணுவத் தளபதி ஆனார்.