பாடி ரெடி, இன்ஜின் வரல: யார் இந்த குர்ட் டாங்க்?

ஆம்பூர்ல ஷூவுக்கு அப்பர் தைச்சு முடிச்சும், சோல் வராம ஆர்டர் நிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. இந்தியாவின் முதல் உள்நாட்டு ஜெட் போர் விமானத்தின் கதையும் கிட்டத்தட்ட அதேதான்.

அதை வடிவமைத்தவர் குர்ட் டாங்க். 1898-ல், இன்று போலந்தில் இருக்கும் பிட்கோஷ் நகரில் பிறந்த ஜெர்மானியர். இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் விமானப்படை பயன்படுத்திய ஃபோக்கே-வுல்ஃப் 190 இவருடைய டிசைன்தான். போருக்குப் பிறகு அர்ஜென்டினா போனார். 1955-ல் அங்கே பெரோன் ஆட்சி கவிழ்ந்தது. அடுத்த ஆண்டே பெங்களூரு ஹெச்ஏஎல் வந்து சேர்ந்தார்.

முதலில் மரத்தில் கிளைடர் செய்து பறக்கவிட்டுச் சோதித்தார்கள். 1961 ஜூன் 17-ல் 'மாருத்' பறந்தது. இலக்கு, ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகம். அதற்கான பிரிட்டிஷ் இன்ஜினை முழுசா உருவாக்க இந்தியா பணம் போடவில்லை. அந்தத் திட்டமே நின்றுபோனது. கைக்குக் கிடைத்த சக்தி குறைந்த இன்ஜினோடு 147 மாருத்கள் தயாராகின. 1971 போரில் தரைத் தாக்குதலுக்குக் கைகொடுத்தாலும், இலக்கு வைத்த வேகத்தை அவை தொடவே இல்லை.

1983-ல் டாங்க் மறைந்தார். பெங்களூரு விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்துக்குப் போனால் ஒரு மாருத்தைப் பார்க்கலாம். இன்றைய தேஜஸுக்கும் இன்ஜின் அமெரிக்காவிலிருந்துதான் வரணும்.