கஞ்சியும் செபமாலையும்

காவலூர்த் துறையில் நின்று கடற்கோட்டையை எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். 1658ஆம் ஆண்டில் அக்கோட்டையையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருக்களைத் துரத்திவிட்டனர். சுமார் முப்பது ஆண்டுகள் நம் முன்னோர் மேய்ப்பரின்றித் தவித்தனர்.

1687இல் கோவா நாட்டுக் குருவான யோசேவாஸ் அடிகளார், யோவான் என்னும் ஊழியருடன், கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். கையில் பணமில்லை, தெரிந்த முகமுமில்லை. வயிற்றுளைச்சலால் துவண்டு கிடந்தவருக்கு ஊர்ப் பெண் ஒருத்தி கஞ்சி வார்த்துக் காப்பாற்றினாள். உடல் தேறியதும் கழுத்தில் செபமாலையை அணிந்து, வீடு வீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டு முகம் மலர்ந்தவர்களே தம் மந்தை என்று கண்டுகொண்டார். பிடிபட்டால் தங்களுக்கும் தண்டனை என்று அறிந்தும், சில்லாலை மக்கள் அவரை மறைத்துக் காத்தார்கள்.

1711 தை 16இல் கண்டியில் இறைவனடி சேரும்வரை அவர் பராபரிப்பை நம்பியே வாழ்ந்தார். 2015 தை 14இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

வாசகரே, அழைத்தவர் கைவிடார் என்று அடிகளார் நம்பினார். அந்த நம்பிக்கைக்கு ஆண்டவர் தந்த பதில், ஒரு பெண்ணின் அடுப்படியிலிருந்து வந்தது. உங்கள் படலையடியில் ஒருவர் வந்து நிற்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.