விண்ணை ஆராய்ந்த விக்ரம் சாராபாய்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஆடி மாதத்தில் எங்கள் பவானிக் கூடுதுறையில் நின்றவர்களுக்கு அதன் பொருள் நன்கு விளங்கும். ஆனால், ஒரு கோளின் காற்றையே அள்ளிச் செல்லும் காற்றும் ஒன்று உண்டு! சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்னூட்டம் பெற்ற துகள்களே அக்காற்று. விண்ணிலிருந்து வரும் துகள்களை ஆராய்வதில் இளமையிலேயே மனத்தைப் பறிகொடுத்தவர் டாக்டர் விக்ரம் சாராபாய்.

இவர் 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் அகமதாபாத்தில் பிறந்தார். தந்தை பெரும் ஆலை அதிபர். செல்வத்தில் பிறந்தும் இவர் நாடியது கல்விச் செல்வத்தையே. கேம்பிரிட்ஜில் பயின்ற இவர், உலகப் போரினால் தாயகம் திரும்பி, பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தார். 1947இல் டாக்டர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில், 28 வயதில், அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தை நிறுவினார்.

பூமிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில், சூரிய ஒளி காற்றின் அணுக்களைச் சிதைத்து அயனிகளாக்குகிறது. பூமியின் காந்த நடுக்கோட்டின் மேலே அங்கு ஒரு மின்னோட்டம் ஆறுபோல் ஓடுகிறது. அதை ஆராய ஏற்ற இடம் கேரளத்தின் தும்பா என்னும் மீனவர் கிராமம். அங்கே புனித மகதலேனா மரியாள் ஆலயம் இருந்தது. சாராபாய் ஆயரை அணுகினார். ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா பங்கு மக்களைக் கேட்டார். தலைமுறை தலைமுறையாகச் செபித்த ஆலயத்தையும் வாழ்ந்த வீடுகளையும் அவர்கள் விட்டுக்கொடுத்தனர். எத்துணைப் பெரிய தியாகம்! ஆலயம் அலுவலகமாயிற்று. ராக்கெட்டின் பாகங்கள் சைக்கிளில் சென்றன. 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் விண்ணில் பாய்ந்தது.

இந்த ஆராய்ச்சியால் என்ன பயன் எனச் சிலர் கேட்கலாம். செவ்வாயைப் பாருங்கள். முன்பு அங்கே அடர்ந்த காற்றும் ஓடும் நீரும் இருந்தன. செவ்வாய் சிறிய கோள், ஈர்ப்பும் குறைவு. அதன் காந்தக் கவசமும் அழிந்தபின், அயனிகளான காற்றைச் சூரியக் காற்று சிறிது சிறிதாக அள்ளிச் சென்றது. இன்று அது வறண்ட பாலை. நம் பூமியின் காந்தப் புலமோ அக்காற்றைப் பெருமளவு விலக்கிவிடுகிறது.

சாராபாய் 1971 டிசம்பர் 30 அன்று, 52 வயதில் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய திருவனந்தபுரம் விண்வெளி மையத்தில் உருவான கருவி ஒன்று, 2014இல் மங்கள்யானுடன் செவ்வாயை அடைந்து, அங்கு எஞ்சியுள்ள மெல்லிய காற்றை அளந்தது.

நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் காக்கப்பட்ட செல்வம் என்பதை உணர்வோம். சாராபாயையும், தம் ஆலயத்தை ஈந்த அம்மீனவ மக்களையும் நன்றியுடன் நினைவில் கொள்வோமாக!