சுவடு கண்ட புரூஸ் ஃபூட்

அரியலூர்ப் பக்கம் பிறந்து, நிலவியல் முதுகலை பயில மைசூருக்கு வந்தவன் நான். எங்கள் ஊர் ஓடைகளில் இறங்கினால், முன்னொரு காலத்தில் கடலாயிருந்த அந்நிலத்தில் சிற்றுயிர்கள் குடைந்த வளைகள், மண் நிரம்பிக் கல்லாகிக் குழல் குழலாகக் கிடக்கும். உயிர் அழிந்தது, அது குடியிருந்த வீடு எஞ்சியது. கால்தடம், ஊர்ந்த கோடு, மரத்தில் இட்ட துளை ஆகியவையும் இவ்வினமே. இவற்றைச் சுவட்டுப் படிவங்கள் என்பர்.

மைசூரில் அச்செல்வம் இல்லை. சாமுண்டி மலையோ உருகிய குழம்பு இறுகிய கல். சுற்றியுள்ள பாறைகள் 250 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை. விலங்குகள் மண்ணைக் குடைந்து வாழத் தலைப்பட்டதோ ஏறத்தாழ 54 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். கேம்பிரியக் காலத்தின் தொடக்கத்தையே அறிஞர் ஒருவகை வளையின் முதல் தோற்றத்தைக் கொண்டு வரையறுத்துள்ளனர். ஆயினும், மைசூர் அரசு 1894-இல் நிலவியல் துறை கண்டபோது அதற்கு முதல் தலைவராக அமர்ந்தவர், சுவட்டைக் கண்டு ஆளை உணரும் கலையில் வல்லவர். அவரே இராபர்ட் புரூஸ் ஃபூட்.

1834-இல் இங்கிலாந்தின் செல்டன்ஹாமில் பிறந்தார். 1858-இல் இந்திய நிலவியல் அளவைத் துறையில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். அவர் மணந்தது யாருடைய மகளை என்று எண்ணுகிறீர்கள்? யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவரும், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவருமான பெர்சிவல் பாதிரியாரின் மகளை! மாமனார் பழமொழி சேர்த்தார். மருமகன் கல் சேர்த்தார்.

1863 மே 30-ஆம் நாள். பல்லாவரத்துப் படைத்தளத் திடலருகே ஒரு சரளைக் குழி. அதில் ஃபூட் ஒரு கல்லை எடுத்தார். வேறு யாரேனும் ஆயின் எறிந்துவிட்டு நடந்திருப்பர். அதன் இரு பக்கமும் சில்லுகள் பெயர்க்கப்பட்டிருந்த முறையில் மனிதக் கையை அவர் கண்டார். எலும்பு ஒன்றும் உடன் கிடைக்கவில்லை. இருந்தும் இந்தியாவின் பழைய கற்காலம் அன்றுதான் வெளிப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் நண்பர் வில்லியம் கிங்குடன் கொற்றலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார். கருவியைச் சுவட்டுப் படிவம் என்று பாடநூல்கள் சொல்லமாட்டா. என் கணக்கில் அதுவும் சுவடே.

பெல்லாரிப் பக்கத்துச் சாம்பல் மேடுகளின் கதை இன்னும் சுவையானது. அரக்கனை எரித்த சாம்பல் என்று அங்குள்ள மேடொன்றைப் பற்றி ஊரார் கதை சொல்லி வந்தனர். ஃபூட்டோ, புதிய கற்கால மக்கள் மாடு கட்டிய இடத்தில் குவிந்த சாணம் எரிந்த சாம்பலே இது என்று கருதினார். நெடுங்காலம் இக்கருத்து ஐயத்துக்குரியதாகவே இருந்தது. 1957-இல் ஆல்சின் என்னும் தொல்லியலாளர், இன்று தெலங்கானாவில் உள்ள உட்னூர் மேட்டை அகழ்ந்தார். பட்டியின் தரையில் மாட்டுக் குளம்புகள் அழுந்திய தடங்கள் அப்படியே இருந்தன! ஃபூட் இறந்து நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் மாடுகளே வந்து சாட்சி சொல்லின.

தங்கம் தரும் தார்வார்ப் பாறைகளை வேறு பிரித்துப் பெயரிட்டது, கர்நூல் குகைகளில் மகனோடு சேர்ந்து விலங்கெலும்பு தோண்டியது என இன்னும் பல உண்டு, இடமில்லை. அவர் திரட்டிய கருவிகள் 1904-இல் சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. எது எந்த ஊரில் கிடைத்தது என்று வகைப்படுத்திப் பட்டியலும் எழுதி வைத்தார். அதுவன்றோ சேகரிப்பு! நம்மில் சிலர் களப்பயணத்தில் கல்லைப் பைக்குள் போட்டுக்கொண்டு, எந்த அடுக்கில் எடுத்தோம் என்பதை விடுதிக்கு வருமுன்பே மறந்துவிடுகிறோம். அரியலூரில் சிமெண்டுச் சுரங்கங்கள் ஒருபுறம் வெட்டி எடுக்க, இவ்வாறு பெயரற்றுப் போகும் கல்லும் அழிந்த கல்தான்.

1912 டிசம்பர் 29-இல் கல்கத்தாவில் ஃபூட் மறைந்தார். அவர் வாழ்ந்த ஏற்காட்டின் தேவாலயத்தில் அவருக்கு நினைவிடம் உண்டு.

அவர் இடம் குறித்து வைத்த அத்திரம்பாக்கத்துக்கு, 1999 முதல் சாந்தி பப்புவும் குழுவினரும் சென்று அகழ்ந்தனர். அங்குள்ள கைக்கோடரிகளின் வயது ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என 2011-இல் அறிவித்தனர். அக்கருவிகள் கிடந்த களிமண் அடுக்கில் விலங்குகளின் பற்கள் மூன்றும், அவற்றோடு கால்தடங்களும் இருந்தன.

அத்தடங்களை ஃபூட் பார்த்ததில்லை. அவர் நாளில் அவை பல அடி மண்ணுக்குக் கீழே கிடந்தன. கல்லைப் போல் தடத்தைப் பொறுக்கியெடுக்க முடியாது. அடியிலுள்ள அடுக்கு கீழ்நோக்கி வளைந்திருந்தால்தான் அது மிதித்த தடம். இல்லையேல் வெறும் பள்ளம். ஆகவே முதலில் ஆழமும் திசையும் அளந்து, படம் வரைந்து, அதன்பின்பே அச்செடுக்க வேண்டும். வரும் விடுமுறையில் என்னோடு அரியலூர் வர இசைந்துள்ள நண்பர் நால்வரும் சுத்தியலை என்னிடம் விட்டுவிட்டு, அளவுநாடாவும் குறிப்பேடும் கொண்டுவந்தால் போதும்.