முடியாதவற்றை அளந்த பெண்

ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில் செய்கார்னிக் என்ற பெயரை ஒரு சூத்திரமாகத்தான் அறிந்திருந்தேன். தொலைக்காட்சித் தொடர் ஏன் சரியாகக் கதவு தட்டப்படும் இடத்தில் தொடரும் என்று நிற்கிறது, செய்தித் தலைப்பு ஏன் பாதி விடயத்தை மறைத்து வைக்கிறது என்பதற்கு விரிவுரையில் தந்த விளக்கம் அது. முடிந்த வேலையை விட முடியாத வேலை மனதில் தங்கும். அதற்குப் பெயர் செய்கார்னிக் விளைவு. பரீட்சையில் இரண்டு வரி எழுதிவிட்டு மறந்துபோனேன். அது ஒரு பெண்ணின் பெயர் என்பதுகூட எனக்கு அப்போது தெரியாது.

பிறகு என்னைத் தேட வைத்தவர் கிளிநொச்சியில் ஓர் அம்மா. 2017 பெப்ரவரியில் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளது போராட்டக் கொட்டகைக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். காலையில் பிரஷர் குளிசை போட்டாரா இல்லையா என்பது அவருக்கு நினைவில்லை. மகனைக் கடைசியாகக் கண்ட நேரம், அவன் போட்டிருந்த சேட்டின் நிறம், திரும்பிப் பார்த்த விதம் எல்லாம் நேற்று நடந்ததுபோல் சொன்னார். எல்லாரும் மறக்கச் சொல்லுகினம், எனக்கு மூளையிலை ஏதும் பிழையோ தம்பி என்ற மாதிரிக் கேட்டார். நான் வைத்தியர் இல்லை. பதில் சொல்லாமல் எழுந்து வந்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் அந்தப் பழைய இரண்டு வரி ஞாபகம் வந்தது.

புளூமா செய்கார்னிக் 1900 ஆம் ஆண்டு, அப்போது ரஷ்யப் பேரரசின் கீழிருந்த லித்துவேனியாவின் பிரியெனாய் என்ற சிற்றூரில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். சிறுமியாக இருந்தபோது கடும் நோயால் சில ஆண்டுகள் வீட்டிலேயே கிடந்தார். வளர்ந்து அல்பேர்ட்டை மணந்தார். 1922 இல் இருவரும் பேர்லின் போனார்கள். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கேர்ட் லெவின் என்ற உளவியலாளரின் மாணவியானார்.

உணவகப் பரிசாரகர் ஒருவர் காசு கட்டாதவர்களின் கணக்கை மட்டும் பிசகாமல் நினைவில் வைத்திருந்ததைக் கண்டே லெவின் குழுவுக்கு இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. புளூமா அதைச் சோதனையாக்கினார். ஆட்களை ஒவ்வொருவராக இருத்தி ஏறத்தாழ இருபது சிறு வேலைகள் கொடுத்தார். களிமண்ணில் உருவம் செய்வது, மணி கோர்ப்பது, மட்டையில் பெட்டி செய்வது, கணக்குப் போடுவது போன்றவை. பாதியை முடிக்க விட்டார். மற்றப் பாதியை, அவர்கள் மும்முரமாக இருக்கும் நேரம் பார்த்து நிறுத்தினார். கடைசியில் என்னென்ன செய்தீர்கள் என்று கேட்டார். இடையில் நின்றவையே ஏறத்தாழ இரண்டு மடங்கு நினைவில் வந்தன. வேலையை மனதுக்கு நெருக்கமாக எடுத்துக்கொண்டவர்களிடம் இந்த வித்தியாசம் இன்னும் கூடுதலாக இருந்தது. களைத்துப்போனவர்களிடம் குறைந்தது. 1927 இல் இது கட்டுரையாக வெளிவந்தது.

லெவினின் விளக்கம் இதுதான். ஒன்றைச் செய்ய நினைத்த கணத்திலிருந்து மனதில் ஓர் இழுவிசை உண்டாகிறது. வேலை முடிந்தால் அது தளரும். முடியாவிட்டால் நிற்கும். அதே குழுவில் இருந்த மரியா ஒவ்சியான்கினா, இடையில் நிறுத்தப்பட்டவர்கள் யாரும் சொல்லாமலே அந்த வேலைக்குத் திரும்பிப் போகிறார்கள் என்று காட்டினார். பிற்காலத்தில் மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது, புளூமாவின் நினைவு பற்றிய முடிவு எல்லா இடத்திலும் கிடைக்கவில்லை. திரும்பிப் போகும் அந்த உந்துதல்தான் கூடுதல் உறுதியாக நின்றது. எனக்குப் படிப்பித்த விரிவுரையில் இந்தப் பகுதி இருக்கவில்லை.

புளூமாவின் மிச்ச வாழ்க்கையும் அந்த விரிவுரையில் இருக்கவில்லை. 1931 இல் கணவரோடு மொஸ்கோ சென்றார். விகோட்ஸ்கியோடு சேர்ந்து வேலை செய்தார். 1940 இல் அல்பேர்ட் கைது செய்யப்பட்டார். ஜேர்மனியின் உளவாளி என்பது குற்றச்சாட்டு, பத்தாண்டு தண்டனை. அவர் வீடு திரும்பவில்லை. முடியாத வேலை மனதில் எப்படி நிற்கும் என்று பேர்லினில் மணி கோர்க்கக் கொடுத்துப் பார்த்தவர், நாற்பது வயதில் இரண்டு சிறு பிள்ளைகளோடு தனியே நின்றார்.

அடுத்த ஆண்டே யுத்தம் வந்தது. பிள்ளைகளோடு யூரல் மலைப் பக்கம் இடம்பெயர்ந்து, கிசெகாச் என்ற இடத்தில் அலெக்சாந்தர் லூரியா நடத்திய மருத்துவமனையில் சேர்ந்தார். தலையில் காயப்பட்ட படையினருக்குப் பேச்சையும் எழுத்தையும் வேலை செய்யும் ஆற்றலையும் திருப்பிக் கொடுக்க முயன்ற இடம் அது. முன்மூளையில் காயப்பட்டவர்கள் தாமாக ஒன்றைத் தொடங்கும் ஆற்றலை இழப்பது பற்றி 1949 இல் எழுதினார். முடியாததற்குத் திரும்பிப் போகும் இழுப்பு சுகமான மனதின் வேலை என்பதை, அந்த இழுப்பே அறுந்துபோன ஆட்களுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர்.

1950களின் தொடக்கத்தில் சோவியத் ஒன்றியத்தில் யூதர்களுக்கு எதிராக எழுந்த அலையில் ஆய்வுகூடத் தலைமையை இழந்தார், பின் வேலையையும் இழந்தார். ஸ்டாலின் இறந்து சில ஆண்டுகளின் பிறகே அது திரும்பக் கிடைத்தது. மொஸ்கோ அரச பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, நோயுற்ற மனதின் உளவியல் என்ற துறையை அங்கே கட்டியெழுப்பினார். நோயாளி எத்தனை புள்ளி எடுத்தார் என்பதை விட, எப்படி யோசித்தார், எங்கே தடுக்கினார், கெடாமல் எது மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். 1983 இல், தன் ஆசிரியர் லெவினின் பெயரிலேயே அமெரிக்காவில் வழங்கப்படும் விருதைப் பெற்றார். 1988 இல் மறைந்தார்.

அன்றாட வாழ்க்கைக்கு இதில் எடுக்க ஒன்று உண்டு. 2011 இல் மசிகம்போ, போமைஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள், முடியாத வேலைக்கு எப்போது, எப்படிச் செய்வது என்று ஒரு திட்டம் போட்டாலே அது மனதைக் குடைவது குறைகிறது என்று காட்டினார்கள். படுக்கப் போக முன் நாளைய வேலையைக் கொப்பியில் எழுதி வைப்பதில் பயன் இருக்கிறது. கட்ட வேண்டிய கரண்ட் பில்லுக்கும் பிள்ளையின் பள்ளிக்கூட அலுவலுக்கும் இது சரிவரும்.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்கு எந்தக் கொப்பியில் எதை எழுதுவது? களிமண் உருவத்தையும் மகனையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. புளூமாவும் அப்படி வைத்தவர் அல்ல. ஆனால் முடிவு தெரியாத ஒன்றை விட முடியாமல் இருப்பதை மூளைப் பிழை என்று சொல்ல அவருடைய ஆய்விலோ வாழ்க்கையிலோ எனக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. முடித்து வைக்க வேண்டிய பொறுப்பில் இருப்பவர்கள் முடிக்காமல் விட்டுவிட்டு, மறக்கும்படி தாயிடம் கேட்பதுதான் பிழை.

சில வாரம் கழித்து அந்த அம்மாவிடம் திரும்பப் போனேன். லித்துவேனியாவில் பிறந்த ஒரு பெண்ணின் கதையாக இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அவருடைய மனுசன் வரவேயில்லையோ என்று மட்டும் விசாரித்தார். இல்லை அம்மா என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பைலைத் திறந்து, அடுத்து அனுப்ப வைத்திருந்த கடிதத்தை என் கையில் தந்து, திகதி சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்.