பாரிஸின் இரவுகளைப் படம் பிடித்தவர்

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நடக்கும்போது செல்போனில் படம் எடுப்பவரா நீங்கள்? அப்படியானால் பிரஸ்ஸாயைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1899-ல், அன்று ஹங்கேரியிலும் இன்று ருமேனியாவிலும் உள்ள பிராஷோ நகரில் பிறந்தார். இயற்பெயர் ஜூலா ஹலாஸ். சொந்த ஊரின் பெயரையே புனைபெயராக்கிக்கொண்டார். 1924-ல் பாரிஸ் வந்து, பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்தார். கேமராவைக் கையில் எடுத்தது ஏறக்குறைய முப்பது வயதில்தான்!

இரவெல்லாம் தெருத்தெருவாக நடப்பார். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, கண்ணாடித் தகட்டில் படம் பதியும்வரை காத்திருப்பார். ஒரு சிகரெட் எரிந்து முடியும் நேரம்தான் அவர் கணக்கு. இருட்டு அதிகமென்றால் தடித்த சிகரெட். மழை ஈரமும் மூடுபனியும் அவருக்குப் பிடித்தவை.

1932 இறுதியில் வெளிவந்த ‘இரவில் பாரிஸ்’ புத்தகம் அவருக்குப் புகழ் தந்தது. அதில் பாலங்களும் விளக்குகளும் மட்டுமல்ல, டிராம் தண்டவாளம் பராமரிப்பவர்கள், கழிவுத்தொட்டி சுத்தம் செய்பவர்கள் என்று ஊர் தூங்கும்போது உழைத்தவர்களும் இருக்கிறார்கள். 1984-ல் காலமானார்.

நமக்கு நள்ளிரவில் கேட் திறந்துவிடும் காவலாளியின் முகம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்குச் சரியாக நினைவில்லை. இன்றிரவு அவரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். அவர் சம்மதித்தால் ஒரு படமும் எடுங்கள்.